ஹனீபா காக்கா எறிந்த கல்

இந்த ஜப்பான் ஊரில் குளிர்காலம் வந்துவிட்டால் மனிதர்களுக்கு மூக்கும் வாயும் இல்லாமற் போய்விடும். தடிமன், சளி பிடித்தவர்கள் வெள்ளைத் துணியால் பாதி முகத்தை மூடிக்கொண்டுதான் வெளியே வருவார்கள். மற்றவருக்குத் தொற்றக்கூடாதாம். வந்த புதிதில் நான் அதை நம்பவில்லை. முகத்தை மூடிக்கொண்டு இத்தனை பேர் பஸ் தரிப்பிடத்தில் நின்றால் திருகோணமலையில் பொலிசுக்குச் சொல்லியிருப்பார்கள். இங்கே வேடிக்கை என்னவென்றால், முகத்தைத் திறந்து வைத்திருந்த என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்கள். நான் பக்கத்தில் போய் நின்றால் ஒருத்தி கைப்பையை மறுதோளுக்கு மாற்றிக்கொள்வாள்.

அடுத்த வீட்டு அம்மாள் இன்னொரு வகை. காலையில் நான் கதவைத் திறந்ததும் "எங்கே புறப்பட்டுவிட்டீர்கள்?" என்று கேட்பாள். வெளிக்கிடும்போது எங்கே என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது என்று வளர்ந்தவன் நான். உள்ளே திரும்பிப் போய், சற்று உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வெளிக்கிடுவேன். அவள் மறுபடியும் கேட்பாள். இவள் யாருக்கோ துப்புக் கொடுக்கிறாள் என்று நான் நினைத்தேன். இவன் ஏன் வெளியே வந்து வந்து ஒளிகிறான் என்று அவள் நினைத்தாளாம். அது 'சுகமா' என்பது போன்ற வெறும் உபசாரக் கேள்வி, பதிலே தேவையில்லை என்று கடைசியில் குபோதான் எனக்கு விளங்கப்படுத்தினார்.

குபோவைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஹொக்கைடோவில் இந்தத் துறைமுகத்தில் வள்ளம் கட்டும் பட்டறை வைத்திருப்பவர். என்னை இங்கே கூப்பிட்டு வேலை தந்தவரும் அவர்தான். ஆனால் ஊரார் அவரை ஐஸ் ஹொக்கிக் கோல்காப்பாளராகவே அறிவார்கள். இந்த நாட்டில் முகமூடி போட்டுக் கோல் காத்த முதல் ஆள் தான்தான் என்பார். நான் விசாரித்துப் பார்க்கவில்லை. அந்த முகமூடி திருகோணமலையில் செய்யப்பட்டது என்பதற்கு மட்டும் நான் சாட்சி.

பல வருடங்களுக்கு முன், பைபர் வள்ளம் கட்டப் பழக்குவதற்காக அவர் திருகோணமலையில் எங்கள் துறைமுகப் பட்டறைக்கு வந்திருந்தார். வேலை நேரத்தில் வாயைத் துணியால் கட்டிக்கொள்வார். வேலை முடிந்ததும் பின் கொட்டிலுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வார். எங்கள் போர்மன் ஹனீபா பக்கத்துக் கிண்ணியாக்காரர்; மூத்தவர் என்பதால் எல்லாருக்கும் அவர் 'காக்கா', அண்ணன். இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஜப்பான் விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டபோது, அங்கே கூலி வேலைக்குப் போயிருந்த அவருடைய மூத்த சகோதரன் திரும்பி வரவில்லை. குபோவைக் கண்டாலே காக்காவுக்குப் பற்றி எரியும். ஆகாயத்தைக் காட்டி, தண்ணீரைக் காட்டி, குபோவின் முகத்துக்கு நேரே கையை நீட்டி என்னிடம் சொல்லுவார்.

"முந்தி ஆகாசத்தால வந்தானுகள், இப்ப கப்பலால வாறானுகள். என்ட நானாட மையத்தைக்கூட அடக்குறதுக்கு எங்களுக்குக் கிடைக்கல்ல, தம்பி."

ஒருநாள் நானும் காக்காவும் கொட்டிலின் பலகை இடுக்கால் பார்த்தோம். மேசையில் ஒரு வெள்ளை முகம் காய்ந்துகொண்டிருந்தது. காதில்லை, கண்ணிருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டை. காக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். "செய்வினை" என்றார் அவர். உளவு வேலை என்றேன் நான். மறுநாளே பட்டறை முழுக்க இரண்டு கதையும் பரவிவிட்டன.

குபோவின் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். அவர் எங்களைக் கூப்பிட்டு, மீனுக்குப் போடும் ஐஸ் கட்டியொன்றின் மேல் தகர மூடியைச் சுண்டிவிட்டுக் காட்டினார். பிறகு இடது கண்ணுக்குக் கீழே இருந்த தையல் தழும்புகளைக் காட்டினார். அரைகுறை ஆங்கிலத்தில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: பனித்தளத்தில் கல்லுப்போன்ற ரப்பர் வட்டு பறந்து வரும். கோல்காப்பாளர் வெறும் முகத்தோடு நிற்கவேண்டும். இவர் ஒரு முகமூடி செய்து போட்டார், அது உடைந்து கண் போகப் பார்த்தது. கோழை என்று சிரித்துக் குழுவிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வள்ளம் கட்டும் பைபரில் செய்த, உடையாத முகமூடியோடு போனால்தான் அவருக்கு இனி விளையாட்டு.

"ஐஸில ஆர் ஓடுவான்? சர்பத்துக்குப் போடுறதுல?" என்றார் காக்கா. ஒரு சொல்லையும் அவர் நம்பவில்லை.

குபோ முகமூடியைக் கட்டிக்கொண்டு சுவரோடு நின்றார். என் கையில் ஒரு கடற்கரைக் கல்லைத் தந்து எறியச் சொன்னார். முகமூடியை ஆணியில் கொழுவிவிட்டு எறிவோமே என்றேன். உள்ளே முகம் இருந்தால்தான் அடி எங்கே இறங்குகிறது என்று தெரியும் என்றார். வெள்ளைக்காரனோ ஜப்பான்காரனோ, வெளிநாட்டான் மண்டை உடைந்தால் மறியலில் கம்பி எண்ணுவது நான்தானே. "எனக்கு ஏலாது" என்று கல்லைக் கீழே போட்டேன்.

குபோ அதை எடுத்துக் காக்காவிடம் நீட்டினார்.

காக்கா வாங்கினார். பின்னால் போய், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, முழுப் பலத்தோடும் எறிந்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. குபோ சுவரில் மோதிச் சரிந்தார். செத்தான் என்றே நினைத்தேன். மெல்ல எழுந்து, முகமூடியைக் கழற்றினார். நெற்றியில் வீக்கம் மட்டும், இரத்தமில்லை. காக்காவுக்குத் தலை குனிந்து வணங்கிவிட்டு, கல்லை மறுபடி நீட்டினார். "இன்னும்."

காக்கா வாங்கவில்லை. "போதும், வாப்பா" என்று, மகனுக்குச் சொல்லுவதுபோலச் சொல்லிவிட்டு, கடலோரம் போய்க் குந்திக்கொண்டார். நெடுநேரம் திரும்பி வரவில்லை.

குபோ அந்த முகமூடியோடு ஊர் திரும்பினார். முதல் ஆட்டங்களில் கூச்சலிட்டுப் பழித்தார்களாம். அவர் கழற்றவில்லை. சில குளிர்காலங்களில் எதிர்க் குழுக் கோல்காப்பாளர்களும் முகத்தை மூடத் தொடங்கினார்கள். இப்போது அது இங்கே எங்கள் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. நெற்றியில் காக்காவின் கல் பட்ட வடு அப்படியே இருக்கிறது.

போன கிழமை, மனதில் நெடுநாளாகக் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். காக்காவின் சகோதரனைப் பற்றி அன்று உங்களுக்குத் தெரியுமா?

"தெரியும்" என்றார். "ஆகாயத்தைக் காட்டி, தண்ணீரைக் காட்டி, என்னைக் காட்டித் தினமும் சொன்னார். அதற்கு மொழி வேண்டுமா? அந்தக் குண்டு விழுந்தபோது எனக்குப் பால்பல் விழவில்லை. ஆனாலும் நீ கீழே போட்ட கல்லை அவரிடம்தான் கொடுக்கவேண்டியிருந்தது. மற்றவர்கள் மெதுவாக எறிவார்கள்."

கல்லை நீட்டியபோது குபோ செய்தது என்ன? மன்னிப்புக் கேட்டாரா, அல்லது காக்காவின் துக்கத்தைத் தன் முகமூடிக்கு வேலை வாங்கினாரா? இரண்டும்தான் என்று ஒரு பொழுது தோன்றுகிறது, இரண்டும் இல்லை என்று ஒரு பொழுது. காக்காவோ கிண்ணியாவில், தன் கையால்தான் ஒரு ஜப்பான்காரன் கண் தப்பியது என்று பெருமை பேசித் திரிகிறாராம். அவருக்கு இதை நான் சொல்லப்போவதில்லை.

இன்று எனக்கும் தடிமன். முதல்முறையாக வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். பக்கத்தில் நின்றவள் கைப்பையை மாற்றவில்லை. ஆனால் துணிக்குள்ளே என் வாய், காக்கா சொன்னபடியே, "முந்தி ஆகாசத்தால வந்தானுகள்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது.