உட்கருவில் நின்று போன பொறி

ஓவியா மதுரையில் ஒரு புழுவின் எச்சில் சுரப்பியை ஆராய்கிறாள். கொசுவைப் போலவே இருந்தும் கடிக்காத ஒரு பூச்சியின் புழு அது. தேங்கிய தண்ணீரில் சிவப்பு நூல் துண்டாக நெளியும். சிவகாசிப் பக்கம் நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டுகிற அவள் அக்கா பானுப்பிரியா, "ஊரே ராக்கெட் விடுது, எங்க வீட்டுப் பிள்ள புழுவுக்கு எச்சி துடைக்குது" என்று எல்லோரிடமும் சொல்வாள். கேட்காதவர்களிடமும் சொல்வாள்.

அந்தச் சுரப்பியின் செல்கள் பெரியவை, உட்கருவும் பெரியது. டி.என்.ஏ.வில் உள்ள செய்தியை நகலெடுத்துக்கொண்டு உட்கருவைவிட்டு வெளியேறுவது தூதுவ ஆர்.என்.ஏ.வின் வேலை. அது வெளியே போனால்தான் புரதம் உருவாகும். உள்ளே அது எப்படி நகர்கிறது? ஏதாவது இழுத்துப் போகிறதா, தானே அலைந்து வழி கண்டுபிடிக்கிறதா? ஓவியா ஒளிரும் சாயம் ஏற்றிப் படம் பிடித்தாள். இருட்டில் ஒவ்வொரு தூதுவ ஆர்.என்.ஏ.வும் ஒரு பொறியாகத் தெரிந்தது.

ஆனால் ஒரு பொறிகூட உட்கருவின் சுவரை எட்டவில்லை. எல்லாத் தடங்களும் பாதியிலேயே முடிந்தன.

"நாளைக்குக் கூட்டத்துல வெளியே போறது ஒண்ணாவது காட்டணும், ஓவியா. இல்லேன்னா தலைப்பை மாத்திக்கலாம்" என்றார் வழிகாட்டி மேடம்.

மதியம் அக்கா கூப்பிட்டாள். கம்பெனிக்குள் போன் கூடாது. வாசலில் கொடுத்து வைத்ததை வாங்கி, சாலைப் பக்கம் வந்து பேசுவாள்.

"ஏ பிள்ள, சாப்பிட்டியா? இங்கன ஒரே சிரிப்பு. சாம்பிளுக்கு ஒரு ராக்கெட் விட்டுப் பாத்தாக. திரி பாதியில நின்னுபோச்சு. நமுத்தது, கழிச்சுப் போடுன்னு போர்மேன் பாண்டிமுருகன் அண்ணாச்சி சொல்லி வாய மூடல, மேல போயி விரிஞ்சிருச்சு. அண்ணாச்சி எடுத்த ஓட்டத்துல ஒத்தச் செருப்பு இன்னும் அங்கனயே கெடக்கு."

ஓவியா சிரிக்கவில்லை.

"அக்கா, நின்னதுக்கப்புறமா போச்சு?"

"ஆமா. உள்ளுக்குள்ள நெருப்பு கனிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. ஏன் கேக்கே?"

"பொறவு பேசுதேன்" என்று போனை வைத்துவிட்டு ஆய்வகத்துக்கு ஓடினாள்.

நல்ல திரி நிற்காமல் எரியும், நின்றது கழிவு. இந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவள் அவள். அசையாமல் நிற்கும் பொறிகளையும் கழித்துவிடும்படி கணினிக்கு அவள்தான் சொல்லியிருந்தாள். பொறி நின்றதும் அதன் தடத்தைக் கணினி முடித்துவிடும். நின்ற பிறகு என்ன ஆனது என்று அவள் பார்த்ததே இல்லை.

அந்தக் கட்டளையை நீக்கிவிட்டுப் பழைய படங்களை மறுபடி ஓட்டினாள். ஒரு பொறி நகர்ந்தது, நின்றது. அவள் கை தானாகவே அடுத்த படத்துக்குப் போகப் பார்த்தது, இழுத்துப் பிடித்தாள். பொறி நடுங்கியது. வந்த வழியே கொஞ்சம் திரும்பி, பக்கவாட்டில் ஒதுங்கி, மறுபடி நின்றது. பிறகு ஒரே வீச்சில் சுவரோரம் போய், ஒரு கணம் ஒட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் நழுவியது.

வெளியே போய்விட்டது. ஓவியா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அடுத்த படத்திலும் ஒன்று போனது. எதுவும் அவற்றை இழுக்கவில்லை. சீசன் நேரத்துச் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் ஆள் போவதுபோல, நெரிசலில் நின்று, மோதி, சந்து கிடைத்ததும் நகர்ந்து போயின.

மறுநாள் கூட்டத்தில் மேடம் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார். "தலைப்பு இதுவேதான். எழுத ஆரம்பி" என்றார்.

மதியம் அந்தப் படம் அக்காவின் போனுக்கு வந்தது. கம்பெனி வாசலில் பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"எம்புட்டுச் சின்னதா இருக்கு. இதுக்குத்தான் அம்புட்டுப் படிப்பா?" என்றாள் கூட வேலை செய்யும் பொன்னுத்தங்கம்.

"பேசாம பாரு" என்றாள் அக்கா.

பொறி நின்றது. போனைக் கையை நீட்டிப் பிடித்தபடி அக்கா ஓரடி பின்வாங்கினாள். மற்றவர்களும் அவளோடு நகர்ந்தார்கள்.