வெளியே ஓடிய வயர்

சுனாமிக்குப் பிறகு சண்டை மறுபடியும் தொடங்கியிருந்தது. ஓய்வுபெற்ற பின்னும் நான் நிவாரணப் பட்டியல்களைச் சரிபார்க்க என் பழைய காரில் இராணுவச் சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் பனிச்சங்கேணிக்குப் போய்வந்தேன். எஞ்சின் அடிக்கடி கொதித்ததால், சூட்டைக் காட்டும் மீற்றர் ஒன்றைப் பூட்டப் புளியந்தீவில் ஐரோப்பிய வழிவந்த ஒரு பறங்கி மெக்கானிக்கிடம் போனேன்.

பூனைக்கண், நரைத்த மீசை. எதைத் தொடுவதற்கு முன்பும் கைகளைத் துடைத்துக்கொள்வார். டாஷ்போர்டில் காற்று வரும் துவாரத்தின் சட்டத்தைக் கழற்றி, மீற்றரை அதற்குள் கச்சிதமாகப் பொருத்தினார். வயரை மட்டும் எல்லாருக்கும் தெரிய டாஷ்போர்டின் மேலாக ஓடவிட்டார்.

பெட்டியில் வந்த செய்முறைத் தாளை நான் முழுதாகப் படித்திருந்தேன். அரச உத்தியோகம் தந்த வியாதி அது.

“வயர உள்ளால எடுக்கச் சொல்லித்தானே இதில கிடக்கு” என்றேன்.

“அத எழுதினவர் செக்பொயின்ற் கண்டிருக்கமாட்டார் ஐயா.”

“பாக்க வடிவில்லையே.”

“போன மாசம் ஒரு வேனுக்கு வடிவாத்தான் பூட்டினன், ஒரு வயரும் தெரியாம. ஆமிக்காரன் மீற்றரப் பிடுங்க, மறைச்ச வயர் பின்னால வந்திச்சு. குண்டெண்டு சொல்லி ட்ரைவரக் கொண்டுபோயிற்றாங்க. அவர்ட பெஞ்சாதி இன்னும் தேடித் திரியிறா.”

கைகளைத் துடைத்துவிட்டுக் கேட்டார்: “ஐயாக்கு எல்லா நடைமுறையும் தெரியும். மறைச்சது நான்தானெண்டு எங்க போய்ச் சொல்லணும்?”

“சொன்னா உங்களையும் பிடிச்சு வைப்பாங்க.”

“அது தெரியும் ஐயா. எங்க எண்டுதான் கேட்டன்.”

எனக்கு இடம் தெரியும். சொல்லவில்லை. அவரைக் காப்பாற்றினேனா, அந்த ட்ரைவரைக் கைவிட்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.