பதினெட்டு முட்டைகளின் வீச்சு

“இந்தச் சனிக்கிழமையும் புள்ளைக தூங்குச்சுன்னா, உங்க வகுப்ப நிறுத்திக்கலாமுங்க” என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். கோபமாகக்கூட இல்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

குற்றம் என்னுடையதுதான். போன வாரம் சராசரி சொல்லித்தருகிறேன் என்று போனவன் காற்று, மேகம், காவிரி என்று அலைந்து திரிந்து திரும்பிப் பார்த்தபோது மூன்று தலைகள் மேசையில் சாய்ந்திருந்தன. ஆனால் அந்தச் சனிக்கிழமைகள் எனக்கு வேண்டும். வாரமெல்லாம் எழுதிக்கொண்டு சொற்களோடு ஒண்டியாய்க் கிடக்கிறவனுக்கு ஐந்தாம் வகுப்பின் இரைச்சல் ஒரு மழை. அதை விட மனசில்லை.

இந்த முறை பாடம் வீச்சு. சில எண்களில் மிகப் பெரியதிலிருந்து மிகச் சிறியதைக் கழித்தால் வருவது. அவ்வளவுதான், அவ்வளவு அழகு! ஆளுக்கொரு முட்டை கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பள்ளியைச் சுற்றிலும் கோழிப்பண்ணைகள், முட்டைக்கா பஞ்சம்?

பதினெட்டுப் பிள்ளைகள், பதினெட்டு முட்டைகள். என் வீட்டுச் சமையலறையிலிருந்து எடுத்துப்போன எடை மெஷினில் ஒவ்வொன்றாக வைத்தோம். ஐம்பத்து நான்கு கிராம். ஐம்பத்தைந்து. ஐம்பத்து மூன்று. மறுபடி ஐம்பத்து நான்கு. பெரியது ஐம்பத்தாறு, சிறியது ஐம்பத்து மூன்று. வீச்சு, மூன்று.

மூன்றுதானா! பின்வரிசையில் ஒரு கொட்டாவி கிளம்பியது. வாசலில் தலைமையாசிரியை கைகட்டி நின்றிருந்தார்.

“ஏஞ்சாமி, உங்கூர்க் கோழியெல்லாம் பேசி வெச்சுக்கிட்டா முட்டை போடுது?” என்றேன்.

சிரிப்பு வெடித்தது. “கோழி கண்டபடிதானுங்க சார் போடும். நாங்கதான் பாத்துப் பொறுக்கி எடுத்தாந்தமுங்க” என்றாள் முன்வரிசைப் பெண். “பொடிசும் பெருசும் அட்டையில வெக்க மாட்டமுங்க. லாரிக்குப் போகாது. அதெல்லாம் ஊட்டுக் கொழம்புக்குங்க.”

“பள்ளிக்கூடத்துக்குப் பொடிசு கொண்டாந்தா எங்கம்மா தோல உரிச்சுப்போடுமுங்க” என்றது இன்னொரு குரல்.

எனக்குத் தலைக்குள் விளக்கு எரிந்தது. நல்லது எடுத்து வந்திருக்கிறார்கள், பாவம், மரியாதைக்கு. இரண்டு முனைகளையும் வீட்டிலேயே கிள்ளிவிட்டு நடுவை மட்டும் கொண்டுவந்திருக்கிறார்கள்.

“அட சாமி! வீச்சு உங்க ஊட்டுல ஒக்காந்திருக்குது!”

“எங்கூடு செவுத்துக்கு அந்தாண்டதானுங்க. ஓடிப்போய் எடுத்தாரட்டுங்களா?” முன்வரிசைப் பெண் எழுந்துவிட்டாள்.

நான் வாசலைப் பார்த்தேன். தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். “அஞ்சு நிமிசம்.”

“ஓட்டத்துல ஒடைச்சுப்போட்டு வருவா பாருங்க சார்.”

“ஒன்னாட்டமாடா நானு?” என்ற பதில் காற்றில் மிதந்தது, ஆள் அதற்குள் சுவரைத் தாண்டியிருந்தாள்.

தூக்குப்போசியோடு மூச்சிரைக்க வந்தாள். உள்ளே இரண்டு. எலுமிச்சம்பழம்போல் ஒன்று: முப்பத்தெட்டு கிராம். ரெட்டைக்கரு கொண்ட பூதம் ஒன்று: எழுபத்தொன்பது. பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறியிருந்தார்கள், நானும்தான். கழித்தார்கள், கத்தினார்கள்.

“நாப்பத்தொண்ணு!”

மூன்றிலிருந்து நாற்பத்தொன்றுக்கு ஒரே தாவல்! இரண்டே இரண்டு முட்டை!

“சார், அப்ப நடுவுல கெடக்கற பதினெட்டுக்கும் வேலையே இல்லீங்களா?” கொட்டாவி விட்டவன்தான் கேட்டான்.

“இந்தக் கணக்குல இல்ல கண்ணு.”

“பின்ன எதுக்குங்க எங்களச் சொமக்க வெச்சீங்க?”

ஓடிப்போய் எடுத்து வந்தவள் முந்திக்கொண்டாள். “எல்லாத்தையும் நிறுத்துப் பாத்தாத்தானடா எது பொடிசு, எது பெருசுன்னு தெரியும்!”

தலைமையாசிரியை உள்ளே வந்தார். எடை மெஷினை ஓரமாக நகர்த்தினார். நான் அவசரமாகப் பெஞ்சிலிருந்து இறங்கினேன்.

“எல்லாரும் செவுத்தோரம் நில்லுங்க. ஒசரம் அளக்கலாம்.”

நின்றார்கள். நான் தலைக்குத் தலை சாக்பீஸால் கோடு போட்டேன். கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டு அவரே சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டார். “இப்ப வீச்சு கூடுமா, கொறையுமா?”

“கூடும் டீச்சர்!” கூரை ஓடு அதிர்ந்தது.

அவர் தலைக்கு மேல் கோடு போட்டேன். விலகி நின்று தன் கோட்டிலிருந்து கீழ்க் கோடுவரை நிமிர்ந்தும் குனிந்தும் பார்த்தார்.

“வீச்சு பத்தாதுங்க சார்” என்றார். “அடுத்த வாரம் ஒண்ணாம் வகுப்பையும் இங்கயே அனுப்பி வெக்கறேன்.”