மூடியில் பிரஷ் வைத்த டப்பா

குழாய்க்காரர் என்றால் அந்தக் குடியிருப்பில் தெரியாதவர்கள் கிடையாது. மூன்றாம் மாடியில் ஒழுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள், முதல் மாடியில் அடைத்துக்கொண்டாலும் அவரைத்தான். ஆனால் பள்ளிக்கூட வாசலில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. 'சடை அப்பா'. முதல் தடவை அதைக் கேட்டபோது அவருக்குக் காது சிவந்துவிட்டது. பிறகு பழகிவிட்டது. பிறகு பிடித்தும் போய்விட்டது. பிடித்துப்போனதிலிருந்துதான் வினை ஆரம்பம்.

அவர் மனைவி வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டபோது மகளுக்கு ஏழு வயது. கடல் தாண்டி ஒரு வீட்டில், படுத்த படுக்கையாக இருந்த ஒரு மூதாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மூன்று வருஷம் இருந்தால் அங்கேயே நர்ஸ் படிப்புக்கு இடம் வாங்கித் தருவதாகப் பேச்சு. மனைவிக்கு அது சின்ன வயதிலிருந்து இருந்த ஆசை. ஆனாலும் பெட்டியை மூடிய பிறகு அவள் கவலைப்பட்டது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். மகளின் முடி.

அந்த முடி இடுப்பைத் தாண்டிக் கிடந்தது. முழுக்க முழுக்க அம்மாவின் வளர்ப்பு. தினமும் சாயங்காலம் பிள்ளையைச் சமையலறை முக்காலியில் உட்காரவைத்து அரை மணி நேரம் சிக்கெடுத்துச் சீவுவாள். பள்ளிக்கூடத்தில் யார் யாரோடு சண்டை, எந்த டீச்சர் எதற்குத் திட்டினார், எல்லாம் அந்த அரை மணி நேரத்தில்தான் வெளியே வரும். நேருக்கு நேர் முகம் பார்த்துக் கேட்டால் "ஒண்ணுமில்லை" என்கிற பிள்ளை, முதுகு காட்டி உட்கார்ந்துவிட்டால் மடை திறந்த மாதிரி பேசும்.

"எது எப்படியோ போகட்டும்" என்றாள் மனைவி. "சாப்பாட்டைக் கடையில வாங்கிக் குடுங்க. துணிய இஸ்திரி போடாம அனுப்புங்க. முடிய மட்டும் வெட்டிடாதீங்க. நான் வந்ததும் முதல் வேலையா அவளை உட்கார வெச்சுச் சீவணும்."

"இது ஒரு பெரிய வேலையா? இரும்புக் குழாயையே வளைக்கிறவன், முடிய வளைக்க மாட்டேனா?" என்றார் குழாய்க்காரர்.

முதல் வாரத்திலேயே வாய்ச்சவடால் எல்லாம் அடங்கிவிட்டது. அவர் சீப்பை எடுத்தாலே பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொள்ளும். கடையில் வாங்கிய ரப்பர் பேண்டைக் கழற்றும்போது பத்து முடி சேர்ந்து வரும், கூடவே அழுகையும் வரும். ஒரு நாள் வெறுத்துப்போய்த் தன் கருவிப் பையில் கைவிட்டார். குழாய் மூட்டுக்குப் போடும் ரப்பர் வளையம் ஒன்று அகப்பட்டது. வழவழப்பானது, முடியைப் பிடித்து இழுக்காது. போட்டுப் பார்த்தார். சடை நின்றது. மறுநாள் கழற்றினார். ஒரு முடிகூட வரவில்லை. உள்ளே போய் மனைவிக்குப் போன் போட்டு, ஏதோ அணையே கட்டி முடித்த மாதிரி பேசினார்.

அதன் பிறகு அந்த வீட்டில் எந்தச் சாமானும் தன் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. சாப்பிடும் முள்கரண்டி சிக்கெடுக்கப் போனது. பழைய பல்துலக்கும் பிரஷ் நெற்றியோரத்துப் பூனைமுடியைப் படியவைத்தது. துணி மாட்டும் கிளிப்புகள் முடியைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பிடித்தன. குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப் சடை நுனியில் ரிப்பன் ஆனது. அரை இஞ்சுக் குழாயை விரல் நீளத்துக்கு நறுக்கி, ஈர முடியை அதில் சுற்றிவைத்தால் காலையில் சுருள் சுருளாக விழும். அவருடைய ஒற்றைக் காலுறை நுனி வெட்டப்பட்டுக் கொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வகிடு நேராக வர வேண்டும் என்று, சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டை எடுத்துப் பிள்ளையின் மூக்குக்கு நேரே தொங்கவிட்டுப் பார்த்த ஆள் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

பிள்ளைக்கு ஒரே கும்மாளம். "அப்பா, இன்னிக்கு எந்தச் சாமான்?" என்று கேட்டுக்கொண்டே முக்காலியில் ஏறி உட்காரும். பள்ளிக்கூட வாசலில் மற்ற அம்மாக்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். "எப்படிங்க இவ்வளவு படியுது?" என்று கேட்பார்கள். அவர் ரகசியம் மாதிரி சிரித்துக்கொள்வார். தலைகால் புரியாத நாட்கள் அவை.

படியவைக்கும் ரகசியம் ஒரு டப்பா. பிளாஸ்டிக் குழாய்களை ஒட்டும் பசை சின்னத் தகர டப்பாவில் வரும், அதன் மூடியிலேயே ஒரு பிரஷ் இருக்கும். காலியான டப்பா ஒன்றை நாலைந்து தடவை கழுவி, பால்கனித் தொட்டியில் வளர்த்த கற்றாழையின் கூழை அதில் அடைத்துவைத்திருந்தார். மூடியைத் திறந்து, அந்தப் பிரஷாலேயே நெற்றியிலிருந்து பின்னால் ஒரு இழுப்பு. கண்ணாடி மாதிரி படிந்துவிடும். டப்பா பாத்திரத் தொட்டி மேல் அலமாரியில் இருக்கும். பசை டப்பா கருவிப் பையில் இருக்கும். ஒன்றரை வருஷம் இந்த ஏற்பாட்டில் ஒரு தப்பும் நடக்கவில்லை.

வகுப்புப் புகைப்படம் எடுக்கும் நாளுக்கு முந்தின மாலை, அவர் வீட்டுப் பாத்திரத் தொட்டியின் குழாய் விட்டுப்போயிருந்தது. ஒட்டினார். ஒட்டிவிட்டு, பசை டப்பாவைக் கைக்கெட்டிய இடத்தில் வைத்தார். கைக்கெட்டிய இடம் அந்த அலமாரிதான்.

மறுநாள் காலை அவசரம். இந்தப் புகைப்படத்தை அம்மா பார்க்கப் போகிறாள், ஒரு முடி தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது என்று அவருக்கு வெறி. டப்பாவை எடுத்தார், திறந்தார், இழுத்தார். இரண்டும் நிறமில்லாமல் கொழகொழவென்று இருக்கும். நெடி காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். ஆனால் அந்த நெடியிலேயே புழங்கின மூக்குக்கு அது உறைக்கவில்லை.

பிள்ளைக்கு உறைத்தது. "அப்பா, இன்னிக்கு வேற வாசனை வருது."

"ஆடாம உட்காரு. நேரமாச்சு."

"எரியுதுப்பா."

"உனக்கு எப்பவும் ஏதாவது ஒண்ணு. வாய மூடிக்கிட்டு உட்காரு."

உச்சியிலிருந்து சடை பாதி வரை இழுத்துத் தடவி முடித்த பிறகுதான் சீப்பு நகரவில்லை என்பது தெரிந்தது. குனிந்து டப்பாவைப் பார்த்தார். அது பசை டப்பா. வெந்நீர், எண்ணெய், சோப்பு என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஊற்றித் தேய்த்தார். அந்தப் பசை சில நொடியில் இறுகிவிடும், அதுதான் அதன் பெருமை. கடைசியில் கத்தரிக்கோலை எடுத்தார். பக்கத்துத் தெரு சலூன்காரர் மிச்சத்தைச் சரிசெய்தபோது மகளின் முடி காதுக்கு மேலே நின்றது. நெற்றியோரம் ஒரு வாரம் சிவந்திருந்தது. பிள்ளை அன்று புகைப்படத்துக்குப் போகவில்லை. ஆனால் அவரை ஒரு வார்த்தை சொல்லவுமில்லை.

இதுவரை நடந்தது கைத்தவறு. யாருக்கும் வரும். அடுத்ததற்கு அப்படிச் சமாதானம் சொல்ல வழியில்லை.

சாயங்காலம் மனைவி போனில் வந்தாள். திரையில் மகளின் தலையைப் பார்த்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்ன ஆச்சு? யார் வெட்டினது?"

குழாய்க்காரர் வாயைத் திறந்தார். "அவளே கத்தரிக்கோல எடுத்து வெட்டிக்கிட்டா. நான் வேலைக்குப் போயிருந்தேன்" என்றார். யோசித்து வைத்துச் சொல்லவில்லை, வந்துவிட்டது. வந்ததைத் திரும்ப எடுக்க அவருக்கு அங்கேயே நேரம் இருந்தது. எடுக்கவில்லை.

"ஏன் பாப்பா இப்படிப் பண்ணே?" என்றாள் அம்மா.

பிள்ளை அப்பாவைப் பார்த்தது. அவர் தொட்டிக் குழாயைப் பார்த்தார். அது சொட்டுகிறதா என்று கவனிக்கிறவர் மாதிரி.

"சும்மா" என்றது பிள்ளை.

மனைவி அந்தச் 'சும்மா'வை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். தன்னைப் பிரிந்த கோபத்தில்தான் பிள்ளை முடியை வெட்டிக்கொண்டது, இனிமேல் நீ சீவ வேண்டாம் என்று சொல்கிறது என்று முடிவு கட்டிவிட்டாள். அதை யாரிடமும் சொல்லாமல், இரண்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிவந்தாள். நர்ஸ் படிப்பு போயிற்று. பெட்டியில் மகளுக்காக வாங்கிய மரச்சீப்பு ஒன்று இருந்தது. நீள முடிக்கென்று அகலப் பல் வைத்தது. அதைத் தாள் உறையோடு துணி அலமாரியில் வைத்தவள் வெளியே எடுக்கவே இல்லை.

பிறகு வருஷங்கள் ஓடின. மகள் முடி வளர்க்கவில்லை. "கொஞ்சம் வளரவிடேன் பாப்பா" என்று அம்மா இரண்டொரு தடவை கேட்டாள். "வேணாம்மா, இதான் சுலபமா இருக்கு" என்பாள் மகள். அம்மா அதற்கு மேல் கேட்க மாட்டாள். அந்த முக்காலியில் யாரும் உட்காரவில்லை. அம்மாவும் மகளும் சண்டை போட்டதே கிடையாது, அது இன்னும் மோசம். விருந்தாளிகள் மாதிரி ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்து நடந்துகொண்டார்கள். நடுவில் குழாய்க்காரர் சாப்பிட்டார், தூங்கினார், ஊர்க் குழாய்களின் ஒழுகலை எல்லாம் அடைத்தார். சொல்லிவிட வேண்டும் என்று நினைக்காத வருஷம் இல்லை. முதல் வருஷம் சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். ஐந்தாம் வருஷம் சொல்ல வேண்டுமானால் ஐந்து வருஷம் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் பதில் வேண்டியிருந்தது. அப்படியே பதினாறு வருஷம் ஆகிவிட்டது. மகள் வேறு ஊரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குப் போனாள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துபோவாள்.

இந்த வருஷம் மனைவிக்கு வலது தோள் இறுகிப்போயிற்று. கை தலைக்கு எழும்பவில்லை. ஒரு சனிக்கிழமை காலை அவரே சீப்பை எடுத்தார். துணி கிளிப் இரண்டைக் கொண்டுவந்து முடியைப் பிரித்தார். கருவிப் பையிலிருந்து ரப்பர் வளையத்தை எடுத்ததும் மனைவி சிரித்துவிட்டாள்.

"இன்னும் இந்த வித்தைய மறக்கலையா நீங்க?"

அவரும் சிரித்தார். அவள் முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமோ சொல்கிற மாதிரி சொன்னாள். "அன்னிக்கு நான் போயிருக்கக் கூடாதுங்க. ஒரு பிள்ளை தன் முடிய வெட்டிக்கிற அளவுக்குக் கோபப்பட்டிருக்குன்னா, அதுக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்."

குழாய்க்காரரின் கை நின்றது. இவள் இப்படி நினைத்துக்கொண்டிருப்பாள் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. முடி போன வருத்தம் என்றுதான் பதினாறு வருஷமும் நினைத்திருந்தார்.

"அவ வெட்டல" என்றார். "நான்தான் வெட்டினேன். டப்பா மாறிப்போச்சு. குழாய்ப் பசைய அவ தலையில தடவிட்டேன். வாசனை வேற மாதிரி இருக்குன்னு சொன்னா. எரியுதுன்னு சொன்னா. நான் கேக்கல. நீ கேட்டப்ப பழிய அவ மேல போட்டுட்டேன்."

மனைவி திரும்பிப் பார்க்கவில்லை.

"சீப்ப அங்க வைங்க" என்றாள்.

வைத்தார்.

"பதினாறு வருஷம் அந்தப் பிள்ளை தலையில கை வைக்கப் பயந்திருக்கேன். தட்டிவிட்டுடுவாளோன்னு."

அவ்வளவுதான் சொன்னாள். இடது கையால் முடியை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டுக்கொண்டு எழுந்துபோனாள். அன்று முழுக்க அது அவிழ்ந்தேதான் கிடந்தது. அவரைத் தொடவிடவில்லை.

மறுநாள் மகள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டாள். "நீ ஏன் பாப்பா என்கிட்ட சொல்லல?" என்று கேட்டுவிட்டாள் அம்மா. எதைக் கேட்கிறாள் என்று மகளுக்கு உடனே புரிந்தது. அப்பாவை ஒரு தடவை பார்த்தாள்.

"நீங்க அங்க இருந்தீங்க. எனக்கு இங்க அப்பா மட்டும்தான் இருந்தாரு. அவரு அழுதுடுவாரு போல இருந்துச்சு" என்றாள். பிறகு, "அவரே சொல்லுவாருன்னு நெனச்சேன். ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

எட்டு வயதில் ஒரு பிள்ளை அவருக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. "தப்புப் பண்ணிட்டேன்மா" என்றார் குழாய்க்காரர். மகள் தலையை ஆட்டினாள். மன்னித்தாளா, கேட்டுக்கொண்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

மனைவி அலமாரியைத் திறந்து உறையோடு இருந்த சீப்பை எடுத்தாள். தாள் பழுத்து மஞ்சளாகியிருந்தது. சமையலறை முக்காலியைக் காலால் இழுத்துப் போட்டாள். மகள் போய் உட்கார்ந்தாள். இருபத்துநான்கு வயதுப் பெண்ணுக்கு அது குட்டையாக இருந்தது, முழங்கால் மேலே எழும்பி நின்றது.

இடது கையால்தான் சீவினாள். உச்சியில் ஒரு இழுப்பு, இரண்டு பக்கமும் இரண்டு இழுப்பு. அரை மணி நேரம் பிடிக்கிற வேலை மூன்று இழுப்பில் முடிந்துவிட்டது. அகலப் பல்லுக்கு அகப்பட அங்கே முடியே இல்லை. மனைவி சீப்பைக் கீழே வைக்கவில்லை. மறுபடியும் உச்சியிலிருந்து ஆரம்பித்தாள்.

"ஆபீஸ்ல ஒரு அக்கா இருக்காங்கம்மா, தெனமும் என்கூட வம்புக்கு வர்றாங்க" என்று சுவரைப் பார்த்தபடி மகள் சொல்ல ஆரம்பித்தாள்.

குழாய்க்காரர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.