சாம்பிராணிப் புகைக்குள் ஒளித்த வில்லன்

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்தால் எங்கள் வீட்டு மாடியில் பேய்கள் இறங்கிவிடும். நான் கதை சொல்வேன். நண்பர்கள் மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி அந்தக் கதைக்குள் நடப்பார்கள். பேய்களை ஏவிவிடும் ஆளை அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்; அந்த ஆளை ஒளித்து வைப்பது என் வேலை.

அந்த வேலையில் நான் ஒவ்வொரு முறையும் மண்ணைக் கவ்வினேன். காரணம், அந்த மூவரில் ஒருவரான, பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கும் அக்கா. பாதிக் கதையிலேயே வில்லனைப் பிடித்துவிடுவார்.

"நீங்க யாரோட மீசையை வர்ணிக்கறீங்களோ அவன்தானுங்க தம்பி" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த கதையிலும் பிடித்துவிட்டால் கதை சொல்லும் நாற்காலி உங்களுக்கே என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எதைப் பணயம் வைத்தேன் என்று உறைத்தது. வாரம் முழுக்க ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர்களின் மெயிலுக்குத் தலையாட்டும் எனக்கு, நான் சொன்னபடி எல்லாம் நடக்கும் ஒரே இடம் அந்த நாற்காலிதான்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் ஆபீஸில் வழக்கம்போல பூஜை முடிந்து சாம்பிராணிப் புகை வந்தது. யாரும் நிமிரவில்லை. ஆனால் எல்லோர் கையும் தானாக நீண்டு புகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. என் கையும்தான். புகை போன பிறகு யோசித்தால், கொண்டுவந்தவரின் முகமே நினைவில்லை. எனக்கு வில்லன் கிடைத்துவிட்டார்!

புதுக் கதையும் ஒரு பனியன் கம்பெனியில்தான். கதையின் முதல் வெள்ளிக்கிழமை, சாம்பிராணி போடுகிறவர் வந்து போனார் என்று ஒரே வரி சொன்னேன். மீசை கிடையாது, செருப்பு கிடையாது. மறுநாள் ஒரு டெய்லருக்குப் பேய் பிடித்தது.

கதையில் அடுத்த வெள்ளிக்கிழமை வந்ததும் அக்காவே ஆரம்பித்தார். "முதல்ல சாம்பிராணி போடறவரை வரச் சொல்லுங்க. மூலை முடுக்கெல்லாம் காட்டட்டும். நான் கையை நீட்டி வாங்கிக்கறனுங்க."

சிரிப்பை மறைக்கத் தண்ணீர் குடித்தேன். அதன்பின் எல்லா வெள்ளிக்கிழமையும் அவர்களே அழைத்தார்கள். எல்லாச் சனிக்கிழமையும் ஒருவருக்குப் பேய் பிடித்தது. திருநெல்வேலி நண்பர், "ஏல, வாட்ச்மேன்தாம்ல" என்று அடித்துச் சொன்னார். அக்காவின் வீட்டுக்காரர், பல்லடத்தில் தறி ஓட்டுகிறவர், கணக்குப்பிள்ளையைச் சந்தேகப்பட்டார்.

கடைசி ஞாயிறு அக்கா தீர்ப்புச் சொன்னார். "முதலாளிதானுங்க. எந்திரிங்க, நாற்காலியைக் குடுங்க."

நான் அசையவில்லை. "பேய் பிடிச்சது எல்லாம் சனிக்கிழமை. முந்தின நாள் யாரைக் கூப்பிட்டீங்கக்கா?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "அட கருமமே! நானே கூப்பிட்டு, கண்ணுலயும் ஒத்திக்கிட்டனுங்களே!"

வெட்கமே இல்லாமல் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன். அப்படியொரு சந்தோஷம் எனக்கு.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை அக்கா தன் கம்பெனியிலிருந்து போன் செய்தார். குரல் கிசுகிசுத்தது.

"தம்பி, சாம்பிராணி வருதுங்க. எல்லாரும் கையை நீட்டறாங்க. நான் பாத்ரூமுக்குள்ள நிக்கறனுங்க."