சல்லிக் கரையில் கேட்ட அம்பா

எனக்குப் பேய், பிசாசு, ஜின் கதை ஒன்றும் பிடிக்காது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிண்ணியாவில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஒரு புளியமரம், அதில் ஏதோ இருக்கிறதென்று ஊரே சுற்றிப் போகும், நான் அதன் கீழே சைக்கிளைச் சாத்திவிட்டுத் தூங்கியவன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கு ஒரு நட்டமும் இல்லை. ஆனால் நடுவில் சிரிக்க வேண்டாம். சிரித்தால் எழும்பிப் போய்விடுவேன்.

வெள்ளைக்காரன் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போய்ச் சில வருஷம் இருக்கும். நான் அப்போது மீன் வியாபாரம். பக்கத்தில் சல்லி என்கிற ஊர்க் கரையில் மீனை வாங்கிப் பெட்டியில் கட்டிக்கொண்டு சந்தைக்குச் சைக்கிள் மிதிப்பேன். அங்கே கரைவலை. வலையைத் தோணியில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துவிட்டு, அதன் கயிற்றைக் கரையில் வரிசையாக நின்று இழுப்பார்கள். ஆள் குறைந்தால் நானும் பிடிப்பேன். எல்லாரும் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும், அதற்குத்தான் அம்பாப் பாட்டு. ஒருவர் அடி எடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ என்று சொல்லி இழுப்பார்கள்.

சல்லியில் அடி எடுத்தவர் கந்தையா அண்ணை. மற்றக் கரைகளில் சாமி பெயரையும் கேலியையும் வைத்து ஒப்பேற்றுவார்கள். இவர் பாடியது மனிதர் வீட்டுக்குள் பூட்டி வைத்திருக்கிற மனசை.

அடுப்படியில வச்ச சோறு ஆறிப்போய்க் காயுது,
மச்சானே வாருமெண்டு வாசற்படி தேயுது

என்று அவர் எடுத்தால் கயிறு பிடித்த தடியன்கள் எல்லாம் மூக்கை உறிஞ்சுவார்கள். என் மகளின் கலியாணம் முறிந்து அவள் வீட்டோடு வந்திருந்த நாட்களில் எனக்கு வாய்விட்டு அழ ஏலவில்லை, ஆம்பிளை அல்லவா. தனியே சைக்கிளில் போகும்போது அந்த வரியைச் சொல்லிச் சொல்லித்தான் கண்ணைத் துடைத்தேன். என் துக்கத்தை எனக்கு முன்பே யாரோ கண்டுபிடித்துச் சொல்லி வைத்த மாதிரி இருந்தது. அது லேசுப்பட்ட காரியமா, நீங்களே சொல்லுங்கள்.

அவருடைய மனுசி பொன்னம்மாக்கா காய்ச்சலில் மோசம் போனார். செத்தவீட்டுக் காரியமெல்லாம் முடிந்து கந்தையா அண்ணை திரும்பி வந்து கயிற்றைப் பிடித்தார், ஆனால் வாயைத் திறக்கவில்லை. சோறு தண்ணியும் இல்லை. இரண்டு தரம் கழுத்தளவு கடலில் போய் நின்றவரை மற்றவர்கள் பிடித்து இழுத்து வந்தார்கள். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி நல்ல மனிதர், அவரும் எத்தனை நாள்தான் பொறுப்பார்.

“கந்தையா, நீ பாடாட்டி வலை வராது. நான் வேற ஆளைப் பாக்கட்டோ?”

“பாருங்கோ,” என்றார் இவர்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தனியே கூட்டிப்போய், “என்ன கதை இது அண்ணை? அல்லா தந்த குரலை ஏன் பூட்டி வைக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“குரல்தான் என்ரை, காசிம். பாட்டெல்லாம் அவள் கட்டினது. பொம்பிளை அம்பா பாடினா ஊர் சிரிக்கும் எண்டு என்ரை வாயில போட்டு விட்டவள். நான் வாயைத் திறந்தனான், அவ்வளவுதான். அவளுக்குக் கோவம் வந்தாலும் பாட்டு, ஆசை வந்தாலும் பாட்டு. இனி நான் எதைப் பாட? அவளிட்டைப் போறதுதான் வழி.”

ஒரு கரையையே அழவும் சிரிக்கவும் வைத்த அந்த மனுசியை நான் ஒழுங்காக நிமிர்ந்து பார்த்ததுகூட இல்லை. வெயிலுக்குத் தண்ணீர் தருவார், குடித்துவிட்டு நான் பாட்டுக்குப் போவேன்.

அடுத்த கிழமை அது நடந்தது. இருட்டுமில்லை, கிருட்டுமில்லை, நல்ல காலை வெயில், மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கிறது. பாட்டில்லாமல் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் வலை அசையவே இல்லை. நான் கயிற்றின் வாலில் நின்றேன், கடைசி ஆள். திடீரென்று கந்தையா அண்ணை கயிற்றை விட்டுவிட்டுக் கடலுக்குள் நடந்தார். இடுப்பளவு, நெஞ்சளவு. மற்றவர்கள் கயிற்றைப் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டு ஓடினார்கள். நான் மட்டும் கயிற்றைக் கையில் வைத்தபடியே நின்றேன். அப்போதுதான் அந்தக் குரல். பெண் குரல், தண்ணீர்ப் பக்கமிருந்து, தெளிவாக.

வள்ளமும் எனக்கு வேணாம், வழித்துணையும் வேணாம்,
கரையில நிண்டு பாடு மச்சான், காதில எனக்குக் கேக்கும்.

கரையில் நின்ற பெண்கள் யாராவது பாடியிருப்பார்கள் என்பீர்கள். ஓம், மீன் கூடையோடு இரண்டு பேர் நின்றார்கள், இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். சம்மாட்டி தலையில் கட்டியிருந்த சால்வையை மரியாதையாக அவிழ்த்துவிட்டார். கந்தையா அண்ணை அலைக்குள் அப்படியே நின்றார். பிறகு சின்னப்பிள்ளை மாதிரி விம்மிக்கொண்டு ஏலேலோ என்றார். திரும்பி நடந்து வந்து, கயிற்றைப் பிடித்து, அதே அடியை எடுத்தார். அன்றைக்கு மீன் மலையாகக் குவிந்ததா என்று கேட்காதீர்கள், வெறும் சாளைதான். ஆனால் மனிதர் பிழைத்தார். மத்தியானம் சோறு தின்றார்.

அதற்குப் பிறகு கிழவராகிச் சாகும்வரை அவர் பாடினார். ‘இது பொன்னம்மாவின்ரை பாட்டு’ என்று எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார். ஒருவரும் சிரிக்கவில்லை, சிரித்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். கேட்டிராத புது அடிகளும் வந்தன, அவற்றை யார் கட்டுகிறார் என்று கேட்க ஒருவருக்கும் துணிவில்லை. ஒரு வழக்கமும் வைத்தார். முதல் அடி முடிந்ததும் கையை உயர்த்துவார், அந்த ஒரு மூச்சு நேரம் நாங்கள் ஏலேலோ சொல்லவும் கூடாது, இழுக்கவும் கூடாது. அது அவளுடைய முறை என்பார்.

அந்த நேரத்தில் கயிறு ஒரு முழம் வரும். அலை தள்ளியிருக்கும் என்று நீங்கள் சொல்லலாம், நானும் ஊரில் அப்படித்தான் சொன்னேன். ஆனால் அலை தள்ளினால் கயிறு தொய்ய வேண்டும். என் கையில் அது விறைத்துக்கொண்டு, உள்ளங்கையை உரசிப் பின்பக்கம் போகும். எப்போதும் நான்தான் கடைசி ஆள், எனக்குப் பின்னால் வெறும் மணல். அத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.