எண்பத்து நான்காவது கூறு

ஊர்க் கசாப்புக்காரர் பூசாத் கறி வெட்டுவதைப் பத்தொன்பது வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். எனக்கு அங்கே என்ன வேலை என்றால், ஊர்ச்சபையின் நோட்டுப் புத்தகம் என் கையில் இருந்தது. வாத்தியாருக்குக் கையெழுத்து அழகு என்று யாரோ சொல்லப்போக, அந்தப் பாரத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

மழைக்கு முன்னால், ஏர் பூட்டுவதற்கு முந்தின வாரம், எங்கள் கபீலிய மலையில் ஊர் ஊராகத் திமெஷ்ரெத் நடக்கும். ஊர் சேர்ந்து மாடுகள் வாங்கி, அறுத்து, வீட்டுக்கு ஒரு கூறு. முடிந்தவன் அதிகம் போடுவான், முடியாதவன் ஒன்றுமே போட மாட்டான். கூறு மட்டும் எல்லோருக்கும் ஒன்றே. பிரான்சில் சம்பாதித்து மூன்று மாடி கட்டிய லூனெஸுக்கும் அதே கூறு, ஆடு மேய்க்கிற விதவை வெர்தியாவுக்கும் அதே கூறு. இந்த விஷயத்தில் எங்கள் ஊருக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அடுத்த ஊரில் அண்ணன் தம்பி வழக்கு என்றால், "எங்க ஊர்ல வந்து கத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு வருவோம்.

பூசாத்திடம் தராசு கிடையாது. சபை முற்றத்தில் கருவாலி இலைகளைப் பரப்பி, ஒவ்வொரு கூறிலும் தொடையில் ஒரு துண்டு, விலாவில் ஒன்று, ஈரலில் விரலளவு, கொழுப்பில் ஒரு கட்டி என்று வைத்துக்கொண்டே போவார். பிறகு வரிசையில் நடந்து வந்து, இங்கே ஒரு துணுக்கை எடுத்து அங்கே வைப்பார். ஒரு வருடம் லூனெஸ் ஜம்பமாகத் தராசு கொண்டுவந்து நான்கு கூறுகளை நிறுத்துப் பார்த்தான். முள் அசையவில்லை. தராசை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்த வழியே போனான்.

இதில் என்னைக் குடைந்த விஷயம் ஒன்று உண்டு. எண்பத்து மூன்று வீட்டுக்கும் இப்படிப் பார்த்துப் பார்த்துக் கூறு போடுகிற பூசாத்துக்குக் கூறு கிடையாது. அவருடைய கொள்ளுத்தாத்தாவைத் தெற்கே பாலைவனத்துக்கு அப்பாலிருந்து யாரோ அடிமையாக விலைக்கு வாங்கி வந்தார்களாம். கறுத்த குடும்பம், கத்தி பிடிக்கிற குடும்பம். சபையில் உட்கார விடமாட்டார்கள், அவர்களுக்குப் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. வெட்டுக்கூலியாகத் தலையும் தோலும் காலும் அவருக்கு, அதையும் பின்சந்து வழியாகத்தான் தூக்கிப் போவார். "எடை போட்டா நம்மளவிட அவனுக்குத்தான் ஜாஸ்தி" என்று ஊரே சொல்லும். நானும் சொல்லியிருக்கிறேன். ஐம்பது வயது மனிதரை நானும் 'நீ, வா, போ' என்றுதான் பேசினேன், அதையும் மறைப்பதற்கில்லை.

கூறு இல்லாதவனுக்குக் கூறு சமமாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஒரு தடவை கேட்டே விட்டேன்.

"உனக்கு ஏன் பூசாத் இவ்வளவு மெனக்கெடல்? கண்ணை மூடிக்கிட்டு வெட்டிப் போட்டாலும் உன் தலையும் தோலும் உனக்கு வரத்தானே போகுது?"

"அது கத்தியோட ரகசியம், வாத்தியாரே. ஒருநாள் அது வாயத் தொறந்தா கேட்டுச் சொல்றேன்" என்று சிரித்தார்.

என் மனைவி தஹ்பியா வேறொரு செய்தி கொண்டுவந்தாள். பூசாத்தின் மனைவி தாசாதித்துக்கு வருடத்தில் ஒரு நாள், கறிநாளன்று மட்டும், தலை பிளந்துவிடுவது போல வலிக்குமாம். கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவாள். ஊரே கறிக்குத் தொட்டுக்கொள்ளக் கோதுமை ரவையில் கூஸ்கூஸ் அவிக்கிற மணம் அந்த வீட்டுச் சந்தில் மட்டும் இருக்காது. டவுன் டாக்டர் மூன்று தடவை மாத்திரையை மாற்றிவிட்டார்.

"ஒரு நாளைக்கு மட்டும் வர்ற தலைவலிய நீங்க எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? வாத்தியார்னு பேரு, புஸ்தகத்துல இருந்தாச் சொல்லுங்க" என்றாள் தஹ்பியா.

புத்தகத்தில் இல்லை.

அவள் இதைச் சொன்ன வருடம், கோடையில் ஊர்த் தண்ணீர்த் தொட்டி வெடித்தது. வீட்டுக்கு ஓர் ஆள் மண் சுமக்க வேண்டும் என்று சபை முடிவு செய்தது. நான் பட்டியல் வாசித்தேன். பூசாத் வரவில்லை, மனைவியை டவுனுக்குக் கூட்டிப் போயிருந்தார். மறுநாள் ஊர்த்தலைவர் மொக்ரான் எல்லோர் முன்னாலும் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஊரோட தண்ணி குடிக்கிறவன் ஊர் வேலைக்கு வரணும். ஒவ்வொரு வீடும் வந்துச்சு, உன் வீடு எங்க?"

பூசாத் கூடையை எடுத்தார். ஒரு நாளுக்குப் பதில் இரண்டு நாள் மண் சுமந்தார். கடைசிக் கூடையைக் கவிழ்த்துவிட்டு என்னிடம் வந்து, நோட்டைக் காட்டச் சொன்னார்.

"என் பேரு எங்க இருக்கு?"

காட்டினேன். வேலைப் பட்டியலில் எண்பத்து நான்காவது வரி.

"கறிப் பட்டியல்ல?"

நான் எதையோ தொலைத்தவன் மாதிரிப் பக்கங்களைப் புரட்டினேன்.

"விடுங்க வாத்தியாரே, கண்ணு நோகும்" என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சபையில் அதைப் பேச வாய் வரவில்லை. பயந்தாங்கொள்ளி, வேறென்ன.

கறிநாள் வந்தது. மாடுகள் ஐந்து. மதியத்துக்குள் இலைகள்மேல் கூறுகள் தயார். வழக்கப்படி நான் பெயர் வாசிக்க, ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஓர் அடையாளத்தைக் கூடையில் போட்டார்கள்: சாவி, பொத்தான், மூக்குப்பொடி டப்பா, சீப்பு. கண் தெரியாத ரம்தான் பெரியவர் கூடையில் கையை விட்டு, கையில் வந்ததைக் கூறுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே போவார். எந்தக் கூறில் உன் சாவி விழுகிறதோ அது உன்னுடையது. ஒருவருக்கு இரண்டு கூறு என்ற பேச்சே இல்லை. எடுத்தால் குடும்பத்துக்கே அவமானம். எல்லாக் கூறிலும் அடையாளம் விழுந்து, தலைவர் சொல்கிற வரைக்கும் ஒருவரும் கறியைத் தொடக்கூடாது.

ரம்தான் கூடையைத் துழாவினார். காலி. ஆனால் வரிசையின் கோடியில் ஒரு கூறு அடையாளமில்லாமல் கிடந்தது.

திரும்ப எண்ணினோம். எண்பத்து நாலு.

"என்னடா பூசாத், வயசாயிடுச்சா? கணக்குத் தப்புது" என்றார் மொக்ரான்.

"தப்பலைங்க. தொட்டி வேலைக்கு வாத்தியார் படிச்சாரே, அந்த வீடுகள எண்ணித்தான் கூறு போட்டேன்."

லூனெஸ்தான் முதலில் வாயைத் திறந்தான். "தலை, தோல், காலு எல்லாம் வாரிக்கிட்டுப் போறது பத்தலையா உனக்கு?"

"அது கத்தி புடிச்ச கைக்குக் கூலி. டவுன்லேர்ந்து ஆளக் கூப்பிட்டாலும் கொடுத்துத்தான் ஆகணும். நான் என் வீட்டப் பத்திக் கேக்கறேன்."

மொக்ரான் கெட்டவரல்ல. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, ஈ மொய்த்தது, காரியத்தை முடிக்கப் பார்த்தார். "சரிப்பா, இருக்கறது இருக்கு. நீயே எடுத்துக்கிட்டுப் போ. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"தானமா வேண்டாம், தலைவரே. பேரப் படிச்சா எடுத்துக்கறேன்."

"பரம்பரையா இல்லாத பழக்கத்த..."

"அப்ப இங்கயே கெடக்கட்டும்."

கிடந்தது. எண்பத்து மூன்று கூறும் சேர்ந்துதான் கிடந்தன. அரைமணி நேரம் போனது. வீடுகளில் கூஸ்கூஸ் ஆவியில் காத்திருக்க, பெண்கள் சந்து முனையில் வந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். "என்ன, அறுத்த மாட்டோட சபைக்குப் பேச்சுவார்த்தையா?" என்று வெர்தியா உரக்கக் கேட்டாள்.

நான் பூசாத்தின் பக்கத்தில் போய் நின்றேன். இன்று பெயர் விழாவிட்டால் இனி இந்த ஊரில் அவர் கத்தி எடுக்கப்போவதில்லை, இருக்கப்போவதுமில்லை என்று அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"இத்தனை வருஷம் எதுக்காக இவ்வளவு சமமா வெட்டினே?" என்றேன் தாழ்ந்த குரலில். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? என் புத்தி அப்படி.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஒவ்வொரு வருஷமும் இதுல ஒண்ணு எனக்குன்னு நெனச்சுக்கிட்டுத்தான் வெட்டுவேன். எது வரும்னு தெரியாதுல்ல? அப்ப எல்லாத்தயும் ஒரே மாதிரி வெக்க வேண்டியதாப் போச்சு."

மொக்ரானின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தைரியம் போயிருக்கும். நோட்டைத் திறந்தேன். கறிப் பட்டியலின் அடியில் எழுதினேன், எழுதியதை உரக்க வாசித்தேன்: "எண்பத்து நாலு. பூசாத் வீடு."

"யாரக் கேட்டு எழுதினே?" என்று லூனெஸ் எகிறினான்.

"தொட்டிக்கு எழுதறப்போ யாரக் கேட்டேன்?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

மொக்ரான் தாடியைத் தடவிக்கொண்டே நின்றார். ரம்தான் பெரியவர்தான் கூடையைத் தரையில் தட்டினார். "பேரு விழுந்துடுச்சுல்ல? அப்பறம் என்ன, பொணத்த வெச்ச மாதிரி நிக்கறீங்க. எல்லாரோட சாமானயும் எடுத்துக் கூடையில திரும்பப் போடுங்க."

"எதுக்கு? அந்தக் கடைசிக் கூறு அவனுக்குன்னு விட்டா முடிஞ்சுதே" என்றார் மொக்ரான்.

"விட்ட மிச்சம் எப்படிப் பங்காகும்? அவனும் கூடையில போடட்டும். உன் சாவி விழுந்த கூறு அவனுக்குப் போகட்டும், அவனுக்கு ஒதுக்குனது உனக்கு வரட்டும். அதுதானே நம்ம வழக்கம்?"

மொக்ரான் குனிந்தார். தன் கூறின் மேலிருந்த சாவியை எடுத்துக் கூடையில் போட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். லூனெஸ் கடைசியில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. பூசாத் சட்டையிலிருந்து ஒரு பொத்தானைப் பிடுங்கிப் போட்டார்.

ரம்தான் மறுபடி முதலிலிருந்து நடந்தார். பூசாத்தின் பொத்தான் நடுவரிசையில் ஒரு கூறில் விழுந்தது. கடைசிக் கூறில் விழுந்தது வெர்தியாவின் சீப்பு. மொக்ரான் "பிஸ்மில்லா" என்றதும் எல்லோரும் துணியை விரித்தார்கள்.

பூசாத் மட்டும் தன் கூறின் முன் குந்தி உட்கார்ந்து, ஒரு விரலால் துண்டுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, கூறு வாங்குகிற எவரையும் போல, முற்றம் முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

"யாருய்யா இத வெட்டினவன்? பூரா எலும்பா இருக்கு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மொக்ரான் எரிச்சலோடு திரும்பினார்.

"சும்மா வாங்கிக்கிட்டுப் போப்பா. எல்லாருக்கும் அதேதான்."

பூசாத் எழுந்தார். கூறைத் துணியில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து பெரிய தெரு வழியாக வீட்டுக்குப் போனார்.